12.6 வோல்ட் காட்டியும் இரவில் நின்றுபோகும் ஃபிரிட்ஜ்

கேள்வி: ஜூன் 2, மாலை 6:40

கேரவனில் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் இரண்டை இணையாகப் போட்டிருக்கிறேன். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், எல்.இ.டி. விளக்குகள், தண்ணீர்ப் பம்பு ஆகியவை மட்டுமே சுமை. பகலில் எல்லாம் ஓடுகிறது. நள்ளிரவு தாண்டினால் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. பம்பைப் போட்டால் விளக்குகள் மங்குகின்றன. ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தச் சாக்கெட்டில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட் காட்டுகிறது. வண்டியைப் பார்த்தவர்கள் அனைவரும் பேட்டரி போய்விட்டது என்கிறார்கள். இரண்டையும் மாற்றிவிடலாமா?

பதில்: ஜூன் 2, இரவு 9:15

மாற்ற வேண்டாம். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எடுத்த அளவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

டிஜிட்டல் மல்ட்டிமீட்டரின் உள்தடை பொதுவாகச் சுமார் 10 மெகாஓம். அவ்வளவு பெரிய தடையின் வழியாக ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். ஆகவே, வழியில் எங்கோ ஓர் இணைப்பு துருவேறி 1000 ஓம் தடையாகக் கிடந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட்டையே காட்டும். அதே இணைப்பின் வழியாக ஒரு சிறு விளக்கைக்கூட ஒழுங்காக எரிய வைக்க முடியாது. நீங்கள் பார்த்தது, யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில் குழாயில் இருக்கும் அழுத்தத்தை. குழாயைத் திறந்த பிறகு என்ன வருகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜை ஓடவிடுங்கள். கம்ப்ரசர் சத்தம் கேட்கும்போது நான்கு அளவுகளை எடுங்கள். முதலாவது, பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே. இரண்டாவது, ஃபிரிட்ஜின் பின்புறத்தில் வயர் நுழையும் இடத்தில். மூன்றாவது அளவைத்தான் பலர் எடுப்பதில்லை: மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும், மற்றொன்றை ஃபிரிட்ஜின் பிளஸ் முனையிலும் வையுங்கள். அப்போது மீட்டர் காட்டுவது பிளஸ் வழியில் மட்டும் தொலைந்துபோகும் மின்னழுத்தம். நான்காவது, அதையே மைனஸ் பக்கத்தில் செய்வது. இரு பக்க இழப்பையும் கூட்டினால் 0.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 விழுக்காடு.

முள்ளை வைக்கும்போது பேட்டரியின் ஈய முனையின் மீதே வையுங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மீது வைக்காதீர்கள். முனைக்கும் கிளாம்புக்கும் இடையில்தான் கோளாறு என்றால், கிளாம்பின் மீது வைத்த முள் அதைக் காணாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வண்டி வாங்கிய இரண்டாவது ஆண்டில் இதே அறிகுறிகளுக்காகப் பேட்டரியை மாற்றினேன். புதிய பேட்டரி போட்ட அன்றிரவும் ஃபிரிட்ஜ் நின்றது. மூன்று வாரம் கழித்து, மைனஸ் வயரின் லக்குக்குள் (வயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்) செம்பு இழைகள் பச்சை பூத்துப் பொடியாகியிருந்ததைக் கண்டேன். வெளியே உறை புத்தம் புதிதாகத் தெரிந்தது.

ஜூன் 3, காலை 7:05

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. மீட்டரின் முட்கள் பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை எட்டாது. கையில் கிடைக்கும் ஏதாவது ஒரு நீள வயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அளவு மாறாது, ஏனெனில் மீட்டருக்காக அதில் ஓடும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. கூடுதல் வயர் அளவைக் கெடுத்துவிடும் என்று நினைத்தே பலர் இந்தச் சோதனையைக் கைவிடுகிறார்கள்.

மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் பிளஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் சிக்கினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும், விரலோடு சேர்ந்து அது பழுக்கக் காயும்.

ஜூன் 5, காலை 11:30

நீங்கள் அனுப்பிய அளவுகள்: பேட்டரியில் 12.4, ஃபிரிட்ஜில் 10.9, பிளஸ் பக்க இழப்பு 0.5, மைனஸ் பக்க இழப்பு 1.0 வோல்ட். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுக்கிறது. வயர் 2.5 சதுர மி.மீ., தூரம் 6 மீட்டர்.

மொத்த இழப்பு 1.5 வோல்ட். 5 ஆம்பியரால் வகுத்தால் வழியில் 0.3 ஓம் தடை இருக்கிறது என்று பொருள். செம்பு வயர், ஒரு சதுர மி.மீ. பருமனும் ஒரு மீட்டர் நீளமும் இருந்தால், சுமார் 0.0175 ஓம் தரும். உங்கள் 6 மீட்டருக்கு 0.042 ஓம்; 5 ஆம்பியரில் 0.21 வோல்ட். எனவே வயர் தின்பது 0.21 மட்டுமே, மீதி 1.29 வோல்ட் இணைப்புகளில் போகிறது.

இரவில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. உங்கள் ஃபிரிட்ஜின் கையேட்டில், 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரசரை நிறுத்திவிடும் என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பகலில் சோலார் பேனல் பேட்டரியை 13 வோல்ட்டுக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறது, 1.5 போனாலும் ஃபிரிட்ஜுக்குப் போதுமானது கிடைத்துவிடும். நள்ளிரவில் பேட்டரி 12.1க்கு இறங்கியிருக்கும். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் 5க்குப் பதில் 8 ஆம்பியர் இழுத்தால், 0.3 ஓமில் 2.4 வோல்ட் போய்விடும். ஃபிரிட்ஜுக்கு எஞ்சுவது 9.7. அது நின்றுவிடும். நின்றதும் சுமை இல்லாததால் மின்னழுத்தம் ஏறும், மீண்டும் கிளம்பப் பார்க்கும், மீண்டும் நிற்கும். காலையில் நீங்கள் எழுந்து மீட்டரை வைக்கும்போது 12.2 காட்டும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும்.

பேட்டரியை மாற்றியிருந்தால் சில இரவுகள் ஓடியிருக்கும், புதிய பேட்டரி சற்று உயரத்தில் நிற்கும் என்பதால். பேட்டரிதான் காரணம் என்று உறுதியாக நம்பியிருப்பீர்கள்.

ஜூன் 5, பிற்பகல் 3:50

காலையில் போட்ட கணக்கில் பிழை இருக்கிறது. மின்னோட்டம் போவது 6 மீட்டர், திரும்பி வருவதும் 6 மீட்டர். மொத்தம் 12 மீட்டர். எனவே வயரின் இழப்பு 0.42 வோல்ட், இணைப்புகளில் போவது 1.08. பக்கத்துக்கு 0.21 கழித்தால், பிளஸ் பக்கத்தில் 0.29, மைனஸ் பக்கத்தில் 0.79 வோல்ட் மிச்சமாகிறது. 

இந்தத் திருத்தம் முக்கியமானது. வயரே 3 விழுக்காட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. இணைப்புகள் எல்லாவற்றையும் புதிதாக்கினாலும் 2.5 சதுர மி.மீ. இந்தத் தூரத்துக்குப் போதாது. அதே 12 மீட்டருக்கு 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.175 வோல்ட்டாகக் குறையும். எந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்னும் அட்டவணை வயர் சூடாகாமல் இருப்பதற்கானது. 12 வோல்ட்டில் அந்த அட்டவணை மட்டும் போதாது. சூடேறாத வயர்கூட ஃபிரிட்ஜைப் பட்டினி போடும்.

மைனஸ் பக்கத்தின் 0.79 ஒரே இணைப்பில் இருந்தால், 5 ஆம்பியரில் அங்கே ஏறக்குறைய 4 வாட் வெப்பம் பிறக்கிறது. ஃபிரிட்ஜ் அரைமணி நேரம் ஓடிய பிறகு, மைனஸ் வழியின் ஒவ்வோர் இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். விரல் நுனியைவிடப் புறங்கைக்கு இளஞ்சூடு எளிதில் தெரியும். இது 12 வோல்ட் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும் முறை; மெயின்ஸ் (230 வோல்ட்) பக்கத்தில் எந்தக் கையாலும் தொடக் கூடாது.

ஜூன் 6, காலை 8:20

பம்பு ஓடினால் விளக்கு மங்குவதைப் பற்றி: அது தனிக் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. எது ஓடும்போது எது மங்குகிறது என்பது, அந்த இரண்டுக்கும் பொதுவான பாதை எது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஃபியூஸ்கள் தனித்தனியாக இருப்பதால் பிளஸ் வழி பெரும்பாலும் தனித்தனி; மைனஸ் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து வண்டியின் பாடிக்குப் போகிறது. விளக்கு, பம்பு, ஃபிரிட்ஜ் மூன்றும் ஒன்றையொன்று பாதித்தால், அந்தச் சேருமிடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவிலேயே தேடுங்கள். ஒரு தாளில் எது எதைப் பாதிக்கிறது என்று எழுதிக்கொண்டு அரைமணி நேரம் சுவிட்சுகளைப் போட்டு அணைத்துப் பாருங்கள். வண்டிக்கான வயரிங் படம் கையில் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 9, இரவு 8:00

கோளாறு பாடி போல்ட்தான், மைனஸ் லக்கை வண்டியின் பாடியோடு சேர்க்கும் போல்ட். நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. மின்னோட்டம் அத்தனையும் போல்ட்டின் மரையின் வழியாக மட்டும் போய் வந்திருக்கிறது. அந்த மரையும் துருப்பிடித்துவிட்டது. சக்கரத்துக்குப் பின்னால் சாலைத் தண்ணீர் தெறிக்கும் இடம் வேறு. செம்பும் இரும்பும் ஒட்டி நிற்கும் இடத்தில் ஈரம் பட்டால் இரும்பு விரைவில் அரிக்கப்படும்.

செய்ய வேண்டியது: பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, லக் அமரும் வட்டத்தை மட்டும் பளபளக்கும் உலோகம் வரை சுரண்டுங்கள். வெள்ளீயம் பூசிய புதிய லக், பல் வைத்த வாஷர், புதிய போல்ட். இறுக்கிய பிறகே மேலே கிரீஸோ மெழுகுப் பூச்சோ தடவுங்கள். அது காற்றையும் ஈரத்தையும் தடுப்பதற்கானது. 

லக்கைச் சோல்டர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும் வண்டியில் நான் செய்வதில்லை. சோல்டர் வயருக்குள் ஊறி, இழைகளை ஒரு விறைத்த கம்பியாக்கிவிடும். அந்த விறைப்பு முடிந்து மென்மையான இழைகள் தொடங்கும் இடத்தில் அதிர்வு தாக்கிக்கொண்டே இருந்து ஒருநாள் ஒடியும். சரியான அளவுள்ள அச்சு வைத்த கருவியால் கிரிம்ப் செய்து (லக்கை வயரின் மீது அழுத்தி இறுக்கி), உள்ளே பசை தடவிய வெப்பச் சுருங்குக் குழாயைப் போடுங்கள். சாதாரணக் கொறடாவால் நசுக்கிய லக்கை இழுத்தால் கையோடு வந்துவிடும். எல்லா லக்கையும் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். இழுத்து வராதது மட்டுமே வண்டியில் இருக்கட்டும்.

பிளஸ் பக்கத்தின் 0.29க்கு, வழியில் இருக்கும் ஃபியூஸ் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் உள்ளே பிடிப்புத் தளர்ந்திருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றினால் போதாது, ஹோல்டரையே மாற்ற வேண்டும். தடித்த வயர் போடப் போகிறீர்கள் என்பதற்காகப் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். வழியில் எங்காவது ஒரு மெல்லிய துண்டு இருந்தால், ஃபியூஸ் அந்தத் துண்டுக்கு ஏற்றதாகவே இருக்க வேண்டும். அது பேட்டரிக்கு மிக அருகிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள வயரை எதுவும் காப்பதில்லை.

ஜூன் 12, மாலை 5:45

சரிசெய்த பிறகு மொத்த இழப்பு 0.25 என்று எழுதியிருக்கிறீர்கள். நிறைவு.

ஆனால் முதல் நாள் நான் "பேட்டரியை மாற்ற வேண்டாம்" என்று அவ்வளவு அழுத்தமாகச் சொன்னதைக் குறித்து இப்போது யோசிக்கிறேன். இணைப்புக் கெட்டிருந்தது என்பதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டிருக்கலாம். பல வாரங்கள் அரைகுறையாகச் சார்ஜ் ஆகிக் கிடந்த ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகியிருக்கும். இப்போது பேட்டரியைத் தனியாக விசாரிக்க வேண்டிய நேரம்.

இரண்டு பேட்டரிகளையும் பிரித்துவிடுங்கள். இணையாக இருக்கும்வரை நல்லது கெட்டதற்கு ஊட்டிக்கொண்டே இருக்கும், இரண்டும் ஒரே அளவைக் காட்டும். முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரும் சுமையும் இல்லாமல் ஓர் இரவு முழுவதும் விடுங்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே தெரிவது தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் பொய்யான உயரம். காலையில் 12.6 முதல் 12.7 வரை இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.9க்குக் கீழே என்றால் காலி. மூடி திறக்கும் வகை என்றால் ஹைட்ரோமீட்டரைப் பயன்படுத்துங்கள். நிறைந்த செல்லில் அமிலத்தின் ஒப்படர்த்தி சுமார் 1.265 இருக்கும். ஆறு செல்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைந்து நின்றால், அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

பிறகு தெரிந்த ஒரு சுமையைக் கொடுத்து நேரத்தைக் குறியுங்கள். 100 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு. அதாவது 5 ஆம்பியரை 20 மணி நேரம் தர வேண்டும். முழுக்கக் காலி செய்வது பேட்டரிக்குக் கேடு என்பதால், 10 மணி நேரத்தில் நிறுத்தி, சிறிது ஓய்வு கொடுத்து அளந்தால் போதும். 12.2 அருகே நின்றால் நல்லது, 11.9க்கு வந்துவிட்டால் பாதிக் கொள்ளளவுதான் மிஞ்சியிருக்கிறது.

மீண்டும் இணைக்கும்போது, பிளஸை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸை மற்றொரு பேட்டரியிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அது மட்டும் அதிகம் உழைத்து முன்னதாகக் கெடும்.

ஜூன் 13, காலை 6:50

நேற்றைய எண்கள் எதுவும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குப் பொருந்தாது. அதில் நான்கு செல்கள், செல்லுக்கு 3.2 வோல்ட், மொத்தம் 12.8. நிறைந்ததும் ஓய்வில் 13.3 அருகே நின்று, பெரும்பகுதி தீரும்வரை 13ஐ ஒட்டியே இருக்கும். 12.6 என்பது ஈய-அமிலத்தில் நிறைவு. இதில் ஏறத்தாழக் காலி. வோல்ட்டை வைத்து மிச்சத்தைக் கணக்கிட முடியாததால் ஷன்ட் (மின்னோட்டம் முழுதும் கடந்து போகும் சிறு அளவுத் தடை) வைத்த மானி தேவைப்படும். அந்த ஷன்ட்டைத் தாண்டி ஒரே ஒரு மைனஸ் வயர் நேராகப் பேட்டரிக்குப் போனாலும் கணக்கு நாளுக்கு நாள் பிசகும். மேலும், இந்தப் பேட்டரியில் மின்னழுத்தம் திடீரெனப் பூஜ்யத்துக்கு அருகில் போனால், பேட்டரியைக் காக்க உள்ளிருக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கலாம், செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், உறைகுளிரில் சார்ஜ் ஏற மறுப்பதும் கோளாறு ஆகாது.

ஜூன் 17, இரவு 10:10

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நிறுத்திய வண்டியில் பேட்டரி ஏன் தீர்கிறது என்று மற்றொருவர் கேட்டிருக்கிறார். அணைத்துவிட்டதாக நாம் நினைப்பவற்றில் பல அணைவதில்லை. எரிவாயுக் கசிவு அலாரம், ரேடியோவின் நினைவகம், கேஸ் ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை, இன்வெர்ட்டரின் காத்திருப்பு நிலை. 0.3 ஆம்பியர் என்பது அற்பமாகத் தெரியும், நாளுக்கு 7.2 ஆம்பியர்-மணி. 200 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதியாக்க 14 நாட்கள் போதும். இன்வெர்ட்டர் வெறுமனே 1 ஆம்பியர் இழுத்தால் நான்கே நாட்கள்.

மீட்டரை ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்து அளக்கலாம். ஆனால் அதன் எல்லை பெரும்பாலும் 10 ஆம்பியர், அதற்குள் பம்பு ஓடிவிட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். எனக்குப் பிடித்த முறை வேறு. ஃபியூஸ் எதையும் பிடுங்காமல், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரு சிறு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் நிலையில் அளந்துகொண்டே போவேன். பூஜ்யம் இல்லாத ஃபியூஸின் வழியாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிச் சொருகும் முறையில், சில மின்னணுப் பலகைகள் மீண்டும் விழித்துக்கொண்டு வேறு அளவைக் காட்டும்.

வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டி.சி. அளக்கும் வகையா என்று பாருங்கள். ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப், 50 ஆம்பியர் ஓடும் பேட்டரி வயரிலும் பூஜ்யமே காட்டும்.

வண்டிக்குள் உறங்கும் நாட்களில் எரிவாயு அலாரத்தின் இணைப்பைத் துண்டித்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஜூன் 22, காலை 9:30

வெளி மின்னிணைப்பில் வண்டியைச் செருகியிருந்தபோது கதவின் கைப்பிடியைத் தொட்டால் "லேசாகச் சுர்ரென்று" இருந்ததாக நேற்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு வேறு எதையும் எழுத எனக்கு மனமில்லை. உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். காரணம் தெரியும்வரை செருகாதீர்கள். குழந்தைகளை வண்டியின் பக்கம் விடாதீர்கள்.

வண்டி ரப்பர் டயரின் மீது நிற்கிறது. அதன் பாடியை நிலத்தோடு சேர்ப்பது பிளக்கில் வரும் எர்த் கம்பி ஒன்றே. அது எங்காவது அறுந்திருந்தால், உள்ளே ஏதோ ஒரு கருவியில் கசியும் மின்சாரம் பாடி முழுவதிலும் ஏறி நிற்கும். வண்டிக்குள் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈர நிலத்தில் கால் வைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடிப்பவர்தான் அந்த அறுந்த கம்பியின் வேலையைச் செய்கிறார். ஒருமுறை எனக்கும் இது நேர்ந்தது. காரணம் வண்டியில் இல்லை. நீட்டிப்பு வயரின் பிளக்குக்குள் எர்த் கம்பி திருகிலிருந்து நழுவியிருந்தது. பளபளப்பான, வெளியே ஒரு கீறலும் இல்லாத வயர் அது.

எர்த்துக்குப் பதிலாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து வண்டியோடு கட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கம்பியின் நிலத்தடை 100 ஓம் என்றால், 230 வோல்ட்டில் அதன் வழியாக ஓடக்கூடியது 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பாடி மின்னேறியபடியே இருக்கும்.

நியூட்ரலையும் எர்த்தையும் வண்டிக்குள் எங்கும் இணைக்கக் கூடாது. அந்த இணைப்பு மின்சாரம் வரும் மூலத்தில் மட்டுமே இருக்க வேண்டும். இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ மூலமாக இருக்கும்போது அவற்றில் இருக்கலாம். வெளி இணைப்புக்கு மாறியதும் அது தானாக விலக வேண்டும்.

ஜூன் 22, இரவு 11:20

நீங்கள் பாடிக்கும் தனி எர்த்துக்கும் இடையே அளந்து 110 வோல்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். விநியோகம் 230 என்பதால் இது ஏறத்தாழப் பாதி. சார்ஜர்களுக்குள் இரைச்சல் வடிகட்டும் மின்தேக்கிகள் ஃபேஸிலிருந்து எர்த்துக்கும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் இருக்கும். எர்த் அறுந்தால் அவை நடுவில் ஓர் அரை மின்னழுத்தத்தை உண்டாக்கும். 120 வோல்ட் விநியோகத்தில் இதுவே 60 அருகே தெரியும்.

முதல் நாள் சொன்னது இங்கே மீண்டும் வருகிறது. அங்கே சுமையில்லாத மீட்டர், இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டியது. இங்கேயும் 110 என்பது வலிமையற்ற மின்தேக்கிக் கசிவாக இருக்கலாம். அல்லது ஈரமேறிய ஹீட்டரின் வழியாக உயிரைப் பறிக்கக்கூடிய மின்னோட்டமாகவும் இருக்கலாம். மீட்டர் இரண்டையும் ஒரே எண்ணாகக் காட்டும். குறைந்த உள்தடை நிலை கொண்ட மீட்டர்தான் இரண்டையும் பிரித்துச் சொல்லும். ஆனால் எது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே எர்த்தைச் சரிசெய்தாக வேண்டும். இரு நிலைகளிலும் அறுந்திருப்பது அதுதான்.

ஜூன் 26, மாலை 4:15

எர்த்தைச் சரிசெய்ததும் ஆர்.சி.சி.பி. (கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழத் தொடங்கிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அது புதிய கோளாறு இல்லை. இதுவரை பாடியில் ஏறி நின்ற கசிவுக்கு இப்போது போக வழி கிடைத்திருக்கிறது, 30 மில்லிஆம்பியரைத் தாண்டியதும் ஆர்.சி.சி.பி. தன் வேலையைச் செய்கிறது. அதைத் தாண்டி நேரடியாக இணைக்க வேண்டாம்.

கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தேடுங்கள். பிரேக்கரை அணைப்பது மட்டும் போதாது. ஒற்றை முனை பிரேக்கர் ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கருவி அணைந்த நிலையிலும் ஆர்.சி.சி.பி.யை விழச் செய்யும். முதலில் வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஹீட்டர் கம்பியின் உறைக்குள் ஈரம் ஏறியிருக்கும். பல கருவிகள் தலைக்கு 4, 5 மில்லிஆம்பியர் கசிந்து, சேர்ந்து எல்லையைத் தொடுவதும் உண்டு. அப்படி என்றால் எந்த ஒன்றைப் பிடுங்கினாலும் சரியாகிவிட்டதுபோல் தோன்றும்.

ஜூன் 27, காலை 7:40

வட அமெரிக்க முறையின் 50 ஆம்பியர் இணைப்பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. அதில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு, நடுவில் ஒரு நியூட்ரல். அந்த நியூட்ரல் தளர்ந்தால் இரு பக்கங்களும் 240ஐத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும்; சுமை குறைந்த பக்கம் 120ஐத் தாண்டி ஏறிவிடும். ஏதாவது ஒரு கருவியைப் போட்டதும் வேறொரு விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், அந்த நொடியே மெயின் பிரேக்கரை அணையுங்கள். ஜூன் 6 அன்று மங்குவதைப் பற்றி எழுதியபோதே இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 5, இரவு 9:00

ஹீட்டர் கம்பியை மாற்றியதும் ஆர்.சி.சி.பி. விழாமல் நிற்கிறது, பாடியில் மின்னழுத்தம் இல்லை. மிக்க மகிழ்ச்சி.

சோலார் கட்டுப்பாட்டுக் கருவி 14.4 காட்டுகிறது, பேட்டரி முனையில் 13.6 மட்டுமே இருக்கிறது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு: அது அதே கணக்குதான், திசை மட்டும் வேறு. 20 ஆம்பியர் வரும்போது 0.8 வோல்ட் போனால் வழியில் 0.04 ஓம் இருக்கிறது. கருவி தன் முனையில் 14.4ஐப் பார்த்து, பேட்டரி நிறையப் போகிறது என்று எண்ணி, உரிய நேரத்துக்கு முன்பே சார்ஜைத் தணித்துவிடும். அதைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் நகர்த்தி, தடித்த வயர் போடுங்கள். பேட்டரி முனையை நேராக உணரும் தனி வயருக்கு அதில் இடமிருந்தால் அதையும் இணையுங்கள். கழற்றும்போது பேனலை முதலில் துண்டித்துவிட்டுப் பிறகே பேட்டரியைத் துண்டியுங்கள்; பேட்டரி இல்லாமல் பேனலின் முழு மின்னழுத்தமும் மேலேறினால் சில கருவிகள் கெட்டுவிடும்.

அந்தப் பாடி போல்ட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள். அடுத்த மாதம், ஃபிரிட்ஜும் பம்பும் சேர்ந்து ஓடும்போது, லக்கின் மீது ஒரு முள்ளையும் அருகிலேயே சுரண்டிய பாடியின் மீது மற்றொன்றையும் வைத்து மில்லிவோல்ட்டில் அளந்து, தேதியோடு கப்போர்டின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள். இப்போது 8 மில்லிவோல்ட் என்கிறீர்கள். 50ஐத் தாண்டினால் இங்கே எழுதுங்கள்.